எனக்குப் பிறகு என் நாயை யார் பார்ப்பார்கள்? குமரி மாவட்டத்தில் என்னென்ன செய்து வைக்கலாம்?

முளகுமூடு டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 72 வயது, ஓய்வு பெற்ற ஆசிரியை. கணவர் இல்லை. மகன் குவைத்தில், மகள் கனடாவில். வீட்டில் நானும் கறுப்பன் என்கிற ஐந்து வயது நாட்டு நாயும் இரண்டு பூனைகளும்தான்.

சர்க்கரை, பிரஷர், முட்டுவலி எல்லாம் உண்டு. கறுப்பன் நல்ல திடம். நாட்டு நாய் பன்னிரண்டு பதின்மூன்று வயது வரை சாதாரணமாக இருக்கும் என்கிறார்கள். கணக்குப் போட்டால் அவன் எனக்குப் பிறகும் இருக்க வாய்ப்பு அதிகம்.

பிள்ளைகளிடம் இந்தப் பேச்சை எடுத்தாலே "நீங்க நூறு வயசு இருப்பீங்க அம்மா" என்று முடித்துவிடுகிறார்கள். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் எனக்கு வேண்டியது ஆறுதல் இல்லை, வழி. உயிலில் நாய்க்கு ஏதாவது எழுத முடியுமா? பணம் எப்படி ஒதுக்குவது? யாரிடம் ஒப்படைப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் வாசு

டீச்சர், நல்ல காரியத்தை எடுத்தீர்கள். நானும் நண்பர்கள் சிலரும் அனாதையான நாய், பூனைகளுக்கு வீடு தேடிக் கொடுக்கிறோம். அமைப்பு என்று ஒன்றும் கிடையாது, போன்தான். எங்களுக்கு வரும் அழைப்புகளில் ஒரு வகை எப்போதும் உண்டு. அடக்கம் முடிந்து, வெளியூர்க்காரர்கள் டிக்கெட் எடுத்துக் கிளம்பும் நேரத்தில் வரும் அழைப்பு. "அப்பா வளர்த்த நாய் ஒன்னு நிக்கி, யாராவது எடுப்பீங்களா?"

குழித்துறைப் பக்கம் ஒரு வீட்டைச் சொல்கிறேன். பெரியவர் திடீரென்று நெஞ்சுவலி வந்து திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனார். நாய் அடுக்களைப் புறத்தில் சங்கிலியோடு கிடந்தது. அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் பக்கத்து வீட்டு அக்காதான் மதிலுக்கு மேலே கையை நீட்டி மரச்சீனியும் மீன் துண்டும் எறிந்து கொடுத்தார். கிட்டே போனால் கடிக்க வருகிறது, அதனால் அவிழ்த்துவிட ஆள் இல்லை. தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து கிடந்ததை ஒரு கம்பால் இழுத்து நிமிர்த்தி, ஹோஸ் பைப்பை மதில் வழியாக விட்டு நிரப்பியிருக்கிறார். நாயின் பெயர்கூட யாருக்கும் தெரியவில்லை. பெரியவர் "மோனே" என்று கூப்பிடுவாராம், அது அவருடைய பேரனையும் கூப்பிடும் கூப்பாடு.

அந்த வீட்டில் மூன்று பிள்ளைகள். மூன்று பேரும் நல்ல மனிதர்கள், அப்பா மேல் உயிரை வைத்திருந்தவர்கள். மூத்தவர் தங்கை பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தார். தங்கை, உள்ளூரில் இருக்கிற சித்தப்பா எடுப்பார் என்று நினைத்தார். சித்தப்பாவுக்கு நாய் என்றால் பயம். யாரும் கைவிடவில்லை, ஆனால் யார் பொறுப்பும் இல்லை. எனக்கு இதில் ரொம்ப வருத்தம் என்னவென்றால், ஒரு வார்த்தை முன்கூட்டிப் பேசியிருந்தால் முடிந்திருக்கும் விஷயம் இது.

ஆகவே டீச்சர், உயில் எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆளைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். "பார்த்துக்கறேன்" என்று வாயால் சொன்ன ஆள், கறுப்பன் யார் கையில் சோறு வாங்கித் தின்கிறானோ அந்த ஆள்.

நாகர்கோவில் வக்கீல்

டீச்சர், சட்டத்தில் இருப்பதைச் சொல்கிறேன்.

நம் நாட்டுச் சட்டத்தில் வளர்ப்பு விலங்கு ஒரு உடைமை. நகை, வண்டி மாதிரி அசையும் சொத்து. அதனால் நாயின் பெயரில் வீட்டையோ பணத்தையோ எழுத முடியாது. 1882-ஆம் ஆண்டு இந்திய டிரஸ்ட் சட்டப்படி, சொத்து வைத்திருக்கத் தகுதியுள்ளவர்தான் பயனாளி ஆக முடியும். நாய்க்கு அந்தத் தகுதி இல்லை. 2018-இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றமும் 2019-இல் பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றமும் விலங்குகளைச் சட்ட ஆளுமை உள்ளவையாக அறிவித்தன. மகிழ்ச்சிதான். ஆனால் அதை வைத்து நாய் பெயரில் பாங்கு கணக்குத் திறக்க முடியாது.

அமெரிக்காவில் இதற்கென்றே தனி டிரஸ்ட் உண்டு, ஐம்பது மாநிலங்களிலும் சட்டம் ஒப்புக்கொள்கிறது. அங்கேயும் அளவு மீறினால் கோர்ட் தலையிடும். லியோனா ஹெல்ம்ஸ்லி என்ற பெரும் பணக்காரர் 2007-இல் இறந்தபோது தன் நாய்க்கு 1.2 கோடி டாலர் எழுதி வைத்திருந்தார். நீதிபதி அதை 20 லட்சமாகக் குறைத்தார்.

நமக்கு என்ன வழி? நாயை ஒருவருக்கு எழுதி வைக்கலாம், அவருக்கே பணத்தையும் எழுதி வைக்கலாம். "என் நாய் கறுப்பனை இன்னாருக்குக் கொடுக்கிறேன், அவன் பராமரிப்புக்காக இவ்வளவு ரூபாயை அவருக்குக் கொடுக்கிறேன், அவர் ஏற்க மறுத்தாலோ முன்பே இறந்துபோனாலோ நாயும் பணமும் இன்னாருக்கு" என்று நிபந்தனையோடு எழுத வேண்டும். இரண்டாவது ஆள் பெயரை விடவே கூடாது. ரத்தன் டாடா 2024 அக்டோபரில் காலமான பிறகு வந்த செய்திகளைப் பார்த்திருப்பீர்கள். டிட்டோ என்கிற தன் நாயைப் பல வருடமாகத் தன்னிடம் இருந்த சமையல்காரர் பார்த்துக்கொள்ளும்படி உயிலில் ஏற்பாடு செய்திருந்தார். அந்த நாயை அறிந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்தார் என்பதுதான் நமக்கு அதில் உள்ள பாடம்.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். பதிவு செய்வது கட்டாயம் இல்லை. ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் பிற்பாடு சண்டை குறையும். இரண்டு சாட்சிகள் கட்டாயம். நீங்கள் கிறிஸ்தவர் என்றால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 67-ஆம் பிரிவுப்படி, சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ அவர் கணவன் மனைவிக்கோ உயிலில் எழுதியது செல்லாமல் போகும். நாயைப் பார்க்கப் போகிறவரையே சாட்சியாகப் போட்டால் அவருக்கு எழுதிய பணம் போச்சு. இந்துக்களின் உயிலுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்றாலும், எல்லோரும் வேறு ஆட்களைச் சாட்சியாகப் போடுவதே நல்லது.

தோவாளைக்காரன்

யாரையும் புண்படுத்தச் சொல்லவில்லை. என் தம்பி மகனுக்கு மூளை வளர்ச்சிக் குறைபாடு. அப்பா அம்மாவுக்குப் பிறகு அவனை யார் பார்ப்பது என்று வீட்டில் இன்றுவரை ஒரு முடிவும் இல்லை. மனுசப் பிள்ளைக்கே வழி தெரியாமல் நிற்கும்போது நாய்க்கு உயில், பாங்கு என்று பேசுவது எனக்கு மனசில் ஒட்டவில்லை.

மார்த்தாண்டம் வாசு

அண்ணே, உங்கள் கவலை பெரியது, அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் ஒன்றைச் செய்தால் மற்றது குறையும் என்று இல்லையே. நாயை யார் பார்ப்பார் என்று உட்கார்ந்து பேசுகிற குடும்பம்தான் மற்ற விஷயத்தையும் பேசும். சாவைப் பற்றிப் பேசவே கூடாது என்று வாயை மூடிக்கொள்வதால்தான் உங்கள் தம்பி வீட்டிலும் முடிவு வரவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நாகர்கோவில் வக்கீல்

தோவாளை அண்ணாச்சி, உங்கள் தம்பி மகன் விஷயத்துக்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில், மன வளர்ச்சிக் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்குச் சட்டப்படி பாதுகாவலர் நியமிக்கலாம், பதினெட்டு வயது தாண்டிய பிறகும். மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர்க் குழு உண்டு. நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். குழந்தை பெயரில் டிரஸ்டும் வைக்கலாம். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

தோவாளைக்காரன்

இது எனக்குத் தெரியாது சார். தம்பியைக் கூட்டிக்கொண்டு போகிறேன். டீச்சர், நீங்கள் தொடருங்கள்.

குளச்சல் கரை

நான் மீன்பிடி ஊரில் பிறந்து வளர்ந்தவள். ஒக்கி புயல் 2017 நவம்பர் கடைசியில் வந்தது எல்லோருக்கும் தெரியும். எங்கள் கரையோரம் முழுக்க எத்தனை வீட்டில் ஆள் திரும்பவில்லை. அப்போது ஒன்றைப் பார்த்தேன், சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

கடலுக்குப் போகிறவர்களோடு கரை வரைக்கும் வருகிற நாய்கள் எங்கள் ஊரில் உண்டு. வீட்டு நாய் என்றும் சொல்ல முடியாது, தெரு நாய் என்றும் சொல்ல முடியாது. வள்ளம் கரையேறினால் சாளையோ அயலையோ விழும், அதைத் தின்னும். ஆள் வராத வீட்டில் பெண்கள் கோயில் முற்றத்தில், ஆர்ப்பாட்டத்தில், கலெக்டர் ஆபீஸ் வாசலில். நாய்க்குச் சோறு வைக்க யாருக்கு நினைப்பு வரும்? எங்கள் சந்தில் சின்னப் பிள்ளைகள்தான் வைத்தார்கள்.

வக்கீல் சார் சொன்ன உயில் இந்த மாதிரி நேரத்தில் எதற்கும் ஆகாது. ஆள் இறந்தார் என்று நிரூபித்தால்தானே உயில் பேசும்? காணாமல் போனவரை இறந்தவராகக் கருத சாதாரணமாக ஏழு வருடம் வேண்டும். ஒக்கியில் அரசு தனியாக ஏற்பாடு செய்ததால்தான் சீக்கிரம் சான்றிதழ் கிடைத்தது. ஏழு வருடம் நாயின் பாதி ஆயுள். ஆகவே டீச்சர், சாவுக்கு மட்டும் யோசிக்காதீர்கள். நீங்கள் திடீரென்று வீட்டுக்குத் திரும்பாத ஒரு சாயங்காலத்துக்கு யோசியுங்கள்.

நாகர்கோவில் வக்கீல்

அக்கா சொன்னது முழுக்கச் சரி. உயில் இறந்த பிறகுதான் உயிர் பெறும். நீங்கள் ஆசாரிப்பள்ளத்தில் ஐசியூவில் ஒரு மாதம் கிடந்தால் உயில் அலமாரியில் சும்மா கிடக்கும். அந்த இடைவெளிக்குப் பவர் ஆஃப் அட்டர்னி எழுதலாம் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் எழுதியவர் இறந்த நொடியில் அது முடிந்துவிடும். எழுதியவர் நினைவு தவறிச் சுயமாக முடிவெடுக்க முடியாமல் போனாலும் பவர் செல்லுபடி ஆவதில் சிக்கல். அதனால் இரண்டும் போக, கையில் ஏற்கனவே காசு உள்ள ஆள் ஒருவர் வேண்டும்.

எளிய வழி, பார்த்துக்கொள்ளப் போகிறவரோடு சேர்ந்து ஒரு சின்ன ஜாயிண்ட் அக்கவுண்ட். இருவரில் யாரும் எடுக்கலாம், ஒருவர் போனால் மற்றவர் தொடரலாம் என்கிற வகையில். ஆறு மாதச் செலவு கிடந்தால் போதும். நாமினி என்று பெயர் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டும்தான், உரிமை வாரிசுகளுக்குத்தான். உச்ச நீதிமன்றம் 1983-இலேயே இன்சூரன்ஸ் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. நாமினி பெயரும் உயிலும் ஒரே ஆளைக் காட்டும்படி வையுங்கள்.

கால்நடை டாக்டர் (தக்கலை)

டீச்சர், வைத்தியர் பக்கத்தில் இருந்து சில விஷயங்கள். சட்டம் தெரியாது, உடம்பு தெரியும்.

வளர்த்தவர் இல்லாமல் போனால் நாய் சில நாள் சாப்பாட்டைத் தொடாது, வாசலில் படுக்கும், ராத்திரி ஊளையிடும். தண்ணீர் குடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள், பெரும்பாலும் மெதுவாகத் தேறிவிடும். பூனை அப்படி இல்லை. பூனை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து சாப்பிடாமல் இருந்தால் உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய் அடைந்து உயிருக்கே ஆபத்து ஆகும், அதிலும் குண்டுப் பூனைக்கு. எழவு வீட்டில் பூனை எங்கே போச்சு என்று யாரும் தேடமாட்டார்கள். கட்டிலுக்கு அடியிலோ மச்சிலோ ஒளிந்திருக்கும். ஆள் கூட்டம் வரும்போதே அதை ஓர் அறையில் தண்ணீர், சாப்பாடு, மணல் தட்டோடு பூட்டிவைக்க ஒருவரை நியமித்து வையுங்கள்.

புது வீட்டுக்குப் போனதும் உணவைப் படாரென்று மாற்றாதீர்கள். பழையதில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதியதைக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றுவதுதான் முறை. பூனை ஆளைவிட வீட்டோடு ஒட்டும். புது இடத்தில் சில வாரம் வெளியே விடாமல் வைக்காவிட்டால் பழைய வீட்டைத் தேடி ரோட்டைக் கடந்து போய்விடும்.

அப்புறம் கருத்தடை. செய்யாத பெட்டை நாயை யாரும் எடுக்கத் தயங்குவார்கள், இது எங்கள் அனுபவம். இப்போதே செய்துவிட்டால் நாளை அதற்கு வீடு கிடைப்பது சுலபம். வெறிநோய் ஊசி வருடந்தோறும். நம்ம ஊரில் இரண்டு மழைக்காலமும் உண்டு, ஓடை, வயல் எல்லாம் தண்ணீர் நிற்கும், எலிக் காய்ச்சலுக்கான ஊசியும் விடக்கூடாது. ஊசி போட்ட புத்தகத்தைப் பிரிட்ஜ் மேலே எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள். கடித்துவிட்டது என்று ஒரு புகார் வந்தால் அந்தப் புத்தகம்தான் நாயைக் காப்பாற்றும்.

பெரிய வைத்தியம் வேண்டுமென்றால் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான் நமக்குக் கிட்டே. பார்த்துக்கொள்ளப் போகிறவர் அந்த வழியையும் ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளட்டும்.

அருமனை பறவைப் பிரியன்

நாயும் பூனையும் மட்டும் பேசுகிறீர்கள். என்னிடம் ஆப்பிரிக்க சாம்பல் கிளி ஒன்று உண்டு. நல்ல பராமரிப்பில் நாற்பது, ஐம்பது வருடம் இருக்கும். எனக்கு வயது 55. என் மகள் அதைப் பார்த்துக்கொண்டு, அவளுக்குப் பிறகும் யாராவது பார்க்க வேண்டிவரலாம்.

இந்த வகைப் பறவைக்கு இன்னொரு சங்கதி. வெளிநாட்டு விலங்கு வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதி வந்தது. பரிவேஷ் என்ற அரசு இணையதளத்தில் பதிய வேண்டும். கை மாறினாலும் இறந்தாலும் அதையும் தெரிவிக்க வேண்டும். பதிவுத்தாள் இல்லாமல் விட்டுப்போனால் அடுத்து எடுப்பவர் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். லவ் பேர்ட்ஸ் என்று கடையில் விற்கிற பட்ஜி என்னும் சின்னக் கிளிகளுக்கும் கொண்டை வைத்த காக்கடீல் கிளிக்கும் அந்தப் பதிவு வேண்டாம். நம்ம ஊர்ப் பச்சைக் கிளியை வளர்ப்பதே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அதை யாருக்கும் எழுதி வைக்கவே முடியாது.

என் ஏற்பாட்டைச் சொல்கிறேன். கிளி பேசுகிற வார்த்தை, பயப்படுகிற பொருள், தின்னக்கூடாத சாப்பாடு எல்லாம் ஒரு நோட்டில். அவகாடோவும் சாக்லேட்டும் கிளிக்கு விஷம், அது முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில். மகள் விடுமுறைக்கு வரும்போது கூண்டு அவள் அறையில்தான். கிளிக்கு அவள் குரல் பழக வேண்டும்.

இரணியல் - மியூனிக்

பிள்ளைகள் பக்கத்தில் இருந்தும் ஒரு குரல் வேண்டும் என்று எழுதுகிறேன். நான் ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். அம்மா இரணியலில், கூட ஒரு நாய்.

"நான் கூட்டிக்கொண்டு போய்விடுவேன்" என்று சொல்வது சுலபம். செய்வதென்றால், மைக்ரோசிப் முதலில் போட வேண்டும், அதற்குப் பிறகு வெறிநோய் ஊசி, அதற்கு முப்பது நாள் கழித்து ரத்தம் எடுத்து அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் எதிர்ப்புசக்தி சோதனை, ரத்தம் எடுத்த நாளில் இருந்து மூன்று மாதம் காத்திருப்பு. அதன் பிறகுதான் இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விடுவார்கள். அம்மா போன பிறகு தொடங்கினால் நாய் நாலு, ஐந்து மாதம் யார் வீட்டிலோ இருக்க வேண்டும். அதனால் சிப்பும் சோதனையும் இப்போதே முடித்துவிட்டோம். ஊசியை இடைவெளி விடாமல் போட்டுக்கொண்டு வந்தால் அந்தச் சோதனை மறுபடி தேவைப்படாது.

டீச்சர், உங்கள் பிள்ளைகள் பேச்சை மாற்றுவது பயத்தில்தான். அம்மா இல்லாத வீட்டை நினைக்கப் பிடிக்காது. என்னிடம் அம்மா "எனக்கப்புறம் ஜாக்கியை யார் பாப்பா?" என்று கேட்டபோது நானும் வேறு பேச்சுக்குப் போனேன். பிறகு அம்மா வேறு மாதிரி கேட்டார்கள்: "நான் நாளைக்கு வேளாங்கண்ணி போறேன், ஒரு வாரம் ஜாக்கியை யார்கிட்ட விடணும்?" அதற்கு எனக்குப் பதில் தெரிந்தது. அந்தப் பதில்தான் மற்றதற்கும் பதிலாக அமைந்தது. நீங்களும் அப்படிக் கேட்டுப் பாருங்கள்.

குளச்சல் கரை

தம்பி நல்ல வழி சொன்னார். டீச்சர், உங்கள் அன்பியத்தில், அதாவது பங்குக் கோயிலின் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த குழுவின் கூட்டத்தில், சொல்லிவையுங்கள். நம்ம பங்கில் சாவு என்றால் முதலில் ஓடி வருவது அன்பியத்து ஆட்கள்தான், பந்தல், நாற்காலி, கட்டஞ்சாயா எல்லாம் அவர்கள் கையில். நாயை ஓரமாகக் கட்டி, சோறு வைக்க ஒருவர் பெயரை அந்தப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டால் மறக்காது.

கால்நடை டாக்டர் (தக்கலை)

இதோடு ஒன்று. உங்கள் பர்ஸில், ஆதார் அட்டைக்குப் பின்னாலே ஒரு சின்னத் தாள் வையுங்கள். "என் வீட்டில் ஒரு நாயும் இரண்டு பூனைகளும் தனியாக இருக்கின்றன, இந்த எண்ணுக்குப் போன் செய்யவும்." 108-இல் கொண்டுபோகிறவர்கள் முதலில் பர்ஸைத்தான் பார்ப்பார்கள். கேட் சாவி ஒன்று அந்த எண்ணுக்குரியவரிடம் இருக்க வேண்டும். சாவி இல்லாத ஆள் மதிலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும், மார்த்தாண்டம் தம்பி சொன்ன அந்த அக்கா மாதிரி.

முளகுமூடு டீச்சர்

எல்லோரும் எழுதியதை ஒன்று விடாமல் படித்தேன், சிலதை நோட்டில் எழுதியும் வைத்தேன். இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நன்றி.

மகளிடம் மியூனிக் தம்பி சொன்ன மாதிரியே கேட்டேன். உடனே சொல்லிவிட்டாள், "நம்ம விளையில பால் வெட்ட வர்ற அக்காகிட்ட விடுங்க, கறுப்பன் அவங்க பின்னாலதானே சுத்துவான்" என்று. எனக்கே அது தோன்றவில்லை. உண்மைதான். விடியற்காலையில் அவள் ரப்பர் வெட்ட வரும்போது கறுப்பன் ஒவ்வொரு மரமாகக் கூடவே போவான், பால் எடுத்து முடிகிற வரைக்கும். வயது நாற்பதுக்குள். வீடும் நடக்கிற தூரம்.

அவளிடம் பேசினேன். "நாயை எடுக்கேன் டீச்சர், ஆனா பணம் வேண்டாம்" என்றாள். பணம் இல்லாமல் நான் கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவள் கூலிக்கு வேலை செய்கிறவள். மழைக்காலத்தில் வெட்டு நின்றால் வருமானமும் நிற்கும். அவளுடைய நல்ல மனசை நான் கடனாக வைத்துவிட்டுப் போகக்கூடாது. பூனைகளை அவள் எடுக்க முடியாது, அவள் வீட்டில் கோழி நிற்கிறது. பூனைக்குப் பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது எனக்குப் பணக் கணக்குத்தான் புரியவில்லை. கறுப்பனுக்குச் சாப்பாடு, ஊசி, உண்ணி மருந்து எல்லாம் சேர்த்து மாதம் 2,500 ரூபாய்க்குள் முடிகிறது. மொத்தமாக எழுதுவதா, மாதாமாதமா? என் மகன் இதை ஒத்துக்கொள்வான், ஆனால் நாளை யாராவது அவளைப் பார்த்து "டீச்சரை ஏமாத்தி எழுதி வாங்கிட்டா" என்று சொல்லிவிடக் கூடாது. அதுதான் என் பெரிய கவலை.

மார்த்தாண்டம் வாசு

டீச்சர், இதைவிட நல்ல ஆள் கிடைக்காது. ஒரு வேண்டுகோள், இப்போதே மாதத்தில் ஓரிரு ராத்திரி கறுப்பன் அவள் வீட்டில் தூங்கட்டும். பகலில் பழகின நாய்கூட ராத்திரி வீட்டைத் தேடும். அங்கேயும் ஒரு சாக்கும் சட்டியும் அவனுக்கென்று இருக்கட்டும்.

பூனைக்கு ஆள் அமையாவிட்டால் சொல்லுங்கள், தேடுவோம். ஆனால் காப்பகத்தை நம்பி இருக்காதீர்கள். எங்கும் இடம் நிரம்பி வழிகிறது. வயதான பூனையைக் கூண்டில் போட்டால் அது தாங்காது.

தோவாளைக்காரன்

டீச்சர், நீங்கள் அந்தப் பெண்ணுக்குப் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்று நின்றது எனக்குப் பிடித்தது. எங்கள் வீட்டிலும் "சொந்தக்காரங்க பாத்துக்குவாங்க" என்று செலவைப் பேசாமலே விட்டதுதான் பிரச்சினை என்று இப்போது படுகிறது.

நாகர்கோவில் வக்கீல்

டீச்சர், கணக்கைச் சொல்கிறேன். கறுப்பனுக்கு இன்னும் எட்டு வருடம் என்று வைத்தாலும் 2,500 வீதம் 2,40,000 ரூபாய். வயதான காலத்தில் வைத்தியச் செலவு கூடும், விலைவாசியும் ஏறும். மூன்றரை, நாலு லட்சம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மொத்தமாகக் கொடுக்கத் தயக்கம் என்றால் தபால் நிலைய மாத வருமானத் திட்டம் நல்லது. 2023 ஏப்ரலில் இருந்து வட்டி 7.4 சதவீதம். நாலு லட்சம் போட்டால் மாதம் 2,466 ரூபாய் வரும், கிட்டத்தட்ட உங்கள் செலவே அதுதான். மகன் வெளிநாட்டில் இருப்பதால் அவரை இதில் சேர்க்க முடியாது, இங்கேயே இருக்கும் நம்பிக்கையான ஒருவரோடு சேர்ந்து ஜாயிண்டாகப் போடுங்கள். உங்களுக்குப் பிறகு கணக்கு அவர் பெயரில் தொடரும். வட்டியை அவர் அந்தப் பெண்ணுக்கு அனுப்ப வேண்டும் என்று உயிலில் எழுதுங்கள். நாய் இறந்த பிறகு அசல் யாருக்கு என்பதையும் எழுதிவிடுங்கள். அதில் ஒரு பங்கு அவளுக்கு என்று வைத்தால் நியாயமாக இருக்கும் என்பது என் எண்ணம், முடிவு உங்களுடையது. ஐந்து வருடத்தில் கணக்கு முதிர்ந்துவிடும், அப்போதைய வட்டிக்குப் புதிதாகப் போட வேண்டும், அதை அவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

மகனையே உயிலை நிறைவேற்றுபவராகப் போடலாம். ஆனால் அவர் குவைத்தில். நாயை ஒப்படைக்கிற வேலைக்கு மட்டும் உள்ளூரில் ஒருவரைச் சேர்த்துப் போடுங்கள், உடன் வேலை பார்த்த ஆசிரியர் யாராவது இருந்தால் நல்லது.

ஊர்ப் பேச்சு பற்றிக் கேட்டீர்கள். அது நியாயமான பயம், கூலி வேலை செய்யும் பெண் மேல் பழி போடுவது நம்ம ஊரில் சுலபம். உயிலை எழுதும்போது அவள் அந்த இடத்தில் இருக்கவே கூடாது. உங்கள் செலவில், உங்கள் வக்கீலிடம், நீங்களே போய் எழுதுங்கள். சாட்சிகள் உங்கள் டாக்டரும் பழைய தலைமை ஆசிரியரும் மாதிரி ஆட்களாக இருக்கட்டும். உங்களுக்கு நல்ல நினைவு இருந்தது என்று நாளை அவர்கள் சொல்வார்கள். பிள்ளைகள் இருவருக்கும் வரைவை முன்கூட்டியே அனுப்பி, "படித்தேன், சம்மதம்" என்று பதில் வாங்கி உயிலோடு வையுங்கள். சட்டப்படி அந்தப் பதில் தேவையில்லை, அவளுக்காகத் தேவை. பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள்.

முளகுமூடு டீச்சர்

சார், இரண்டு பிள்ளைகளுக்கும் இன்று ராத்திரியே எழுதுகிறேன். கடைசியாக ஒன்று மட்டும். கறுப்பன் எனக்கு முன்னாலேயே போய்விட்டால்? அல்லது நான் வேறொரு நாய் எடுத்துவிட்டால்?

நாகர்கோவில் வக்கீல்

பெயரை மட்டும் எழுதாமல், "கறுப்பனும், என் இறப்பின்போது என் வீட்டில் உள்ள பிற வளர்ப்பு விலங்குகளும்" என்று எழுதுங்கள், புதிதாக வந்ததும் அதில் அடங்கும். ஒன்றுமே இல்லாவிட்டால் அந்தப் பணம் யாருக்கு என்று இன்னொரு வரி. பெரிதாக ஏதாவது மாறினால் உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும். பழையதைக் கிழித்துவிடுங்கள். வரைவு தயாரானதும் உங்கள் வக்கீலிடம் இந்த இழையையும் காட்டுங்கள். சந்தேகம் வந்தால் இங்கேயே கேளுங்கள், பார்க்கிறேன்.